விதைக்கு அட்டை பார்க்கிறோம், பட்டத்துக்கு?

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார் வளாகத்தில் நெல்லும் பருத்தியும் பயிரிடும் விவசாய நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு கோடையில் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னைக் காண வந்தார். ஊர் வழக்கப்படி கையில் பால்கோவாப் பொட்டலம். மகள் பி.எஸ்சி. வேளாண்மைப் பட்டம் முடித்திருந்தாள். எம்.எஸ்சி. படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும்போது கணினியில் ஓர் இடத்துக்கு மேல் நகரவில்லை என்றும், "சார் ஒரு தடவை பார்த்துச் சொல்லணும்" என்றும் கேட்டார்.

பார்த்தேன். இளநிலைப் பட்டம் வழங்கிய நிறுவனம் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்றதா என்ற கேள்வியில்தான் விண்ணப்பம் நின்றிருந்தது. அந்தப் பெண் படித்த கல்லூரிக்கு அந்த அங்கீகாரம் இல்லை. 'ஆம்' என்று எழுதினால் பொய்யாகும். 'இல்லை' என்று எழுதினால் அகில இந்திய நுழைவுத் தேர்வு வழியாக முதுநிலை இடம் பெறும் தகுதி போய்விடும். மாநில வேளாண் பல்கலைக்கழகங்கள் பலவும் இதே நிபந்தனையைத் தம் கையேட்டில் வைத்திருக்கின்றன.

கிணற்றுப் பாசனத்தோடு இருந்த ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பை விற்று நான்கு ஆண்டுக் கட்டணம் கட்டியவர் அவர். கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். "கட்டடமெல்லாம் பெரிசா இருந்துச்சு சார். அனுமதி இருக்குன்னாங்க" என்றார். அனுமதி இருந்தது உண்மைதான். அவர்கள் பொய் சொல்லவில்லை.

இங்கேதான் விவசாயப் பெருமக்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளின் கீழ் வருவது. கல்லூரி தொடங்குவதற்கான அனுமதி வேறு. வேளாண் கல்வியின் தரத்தைப் பார்த்து வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் வழங்கும் அங்கீகாரம் இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று. 1929ல் தொடங்கப்பட்ட இக்குழுமம் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான ஓர் அமைப்பு. மருத்துவக் கல்லூரிகளுக்கு உள்ளது போன்ற சட்டப்பூர்வமான கட்டுப்பாட்டு அதிகாரம் அதற்கு இல்லை. அங்கீகாரம் பெறாத கல்லூரியை மூடச் சொல்ல அதனால் முடியாது. ஆனால் முதுநிலைச் சேர்க்கை வாசலில் நின்று, அங்கீகாரம் பெறாத இடத்திலிருந்து வரும் மாணவரை உள்ளே விடமாட்டேன் என்று சொல்ல முடியும். சொல்லியும் வருகிறது. ஆகவே முதலாண்டில் செய்த பிழை நான்கு ஆண்டு கழித்துத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. பருத்தியில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இப்படித்தான். காய் வெளியே பச்சையாக, திடமாக நிற்கும். வெடிக்கும்போதுதான் உள்ளே பஞ்சு கறைபட்டு, விதை தின்னப்பட்டுக் கிடப்பது தெரியும்.

அந்தப் பெண் முதுநிலையில் படிக்க விரும்பியது பூச்சியியல். தந்தையின் பருத்தியில் இந்தப் புழு செய்த சேதத்தைப் பார்த்து வளர்ந்தவள். இறுதியாண்டில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற்றபோது, இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளை எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தாள். அதைக் காட்டினாள். சேர்க்கைக் குழுவில் அமர்ந்து எத்தனையோ மாணவர்களிடம் "ஏன் இந்தப் பாடம்?" என்று கேட்டிருக்கிறேன். வேலை கிடைக்கும், மதிப்பெண்ணுக்கு இதுதான் வந்தது என்பவையே பெரும்பாலும் வரும் விடைகள். இப்படி நோட்டுப் புத்தகத்தோடு வருபவர் அரிது. அவளைத்தான் விதி வாசலில் நிறுத்தியது.

விதியையே எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பண்ணை நிலம், ஆய்வுக்கூடம், போதிய ஆசிரியர்கள் இல்லாமல் வேளாண்மையைக் கரும்பலகையில் மட்டும் கற்பிக்கும் இடங்கள் நாட்டில் உள்ளன. அவற்றைத் தடுக்க ஏதேனும் ஒரு வேலி வேண்டும். ஆனால் இந்த வேலி தவறான ஆளின் காலில் குத்துகிறது. குறை நிறுவனத்துடையது, தண்டனை பதினேழு வயதில் அங்கே சேர்ந்த பிள்ளைக்கு. முதுநிலைக்கு நுழைவுத் தேர்வு இருக்கவே இருக்கிறது. எங்கே படித்தாலும் அந்தத் தேர்வை எழுதவிட்டு, தேறியவருக்கு இடம் கொடுத்தால் தரம் கெட்டுவிடாது. அதற்குக் குழுமம் இணங்காது என்றால், அங்கீகாரம் உண்டா இல்லையா, உண்டென்றால் எந்த ஆண்டு வரை என்பதைச் சேர்க்கைக் கையேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிடும்படி ஒவ்வொரு கல்லூரியையும் அரசு கட்டாயப்படுத்த வேண்டும். எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உழவர் தின விழாக்களில் சொட்டு நீர் பற்றியும் உயிர் உரம் பற்றியும் ஒலிபெருக்கியில் பேசுகிறோம். பிள்ளைகள் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சான்று பெற்ற நெல் விதை வாங்கும்போது மூட்டையில் நீல அட்டை தைக்கப்பட்டிருக்கிறதா என்று நம் விவசாயி பார்க்கிறார். ஆதார விதை என்றால் வெள்ளை அட்டை என்பதும் பலருக்குத் தெரியும். அட்டையில் ரகம், குவியல் எண், பரிசோதனை நாள், காலாவதி நாள் வரை படித்துவிட்டுத்தான் பணம் கொடுக்கிறார். கல்லூரிக்கும் அதே அட்டையைக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். விதைச் சான்றைப் போலவே இந்த அங்கீகாரத்துக்கும் காலவரம்பு உண்டு, முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகம், கல்லூரி, படிப்பு என்று தனித்தனியாகப் பார்ப்பதும் உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு படிப்புக்கு இருப்பதால் எல்லாவற்றுக்கும் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. புதிதாகத் தொடங்கிய கல்லூரிக்கு அங்கீகாரம் உடனே வந்துவிடாது. "விண்ணப்பித்திருக்கிறோம்" என்பது பெற்றதாகாது.

பிளஸ் டூ முடிவு வந்ததும் எல்லோரும் இளநிலைக் கையேட்டைத்தான் வாங்குகிறார்கள். நான் சொல்வேன், அன்றைக்கே முதுநிலைக் கையேட்டையும் வாங்கிப் படியுங்கள். பிள்ளை மேலே படிக்கப் போகிறானோ இல்லையோ, நான்கு ஆண்டு கழித்து என்னென்ன கேட்பார்கள் என்பது அதில் இருக்கிறது. எம்.எஸ்சி. வேளாண்மைக்குப் பெரும்பாலும் நான்காண்டு வேளாண் பட்டம் கேட்பார்கள். மூன்றாண்டுத் தாவரவியல் படித்துவிட்டு வந்து நிற்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. குறைந்தபட்சத் தரப்புள்ளியும் கேட்பார்கள். முதலாண்டில் விடுதி வாழ்க்கை பழகாமல் இழந்த புள்ளியை இறுதியாண்டில் மீட்பது கடினம்.

இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு மதுரையும் கிள்ளிகுளமும் அருகில் உள்ளன. மதுரை வேளாண் கல்லூரி 1965ல் தொடங்கியது, கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் அமைவதற்கு ஆறு ஆண்டு முன்பே. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் ஏழரை சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பிள்ளையை எட்டாம் வகுப்பிலேயே கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றுவோர் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு சிறு செய்தி. சிறியதுதான், ஆனால் இதனால் ஓராண்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று கொடுக்கும் சாதிச் சான்று அகில இந்தியச் சேர்க்கைக்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவினர் அல்லர் என்ற குறிப்போடு தனியாக வாங்க வேண்டும். கடைசி நாளுக்கு முந்திய வாரம் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் கைக்கு வராது. பெயருக்கு முன்னால் உள்ள தலைப்பெழுத்து பத்தாம் வகுப்புச் சான்றில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தால் முன்பே திருத்திக்கொள்ளுங்கள். நாங்கள் விண்ணப்பித்த காலத்தில் வங்கி வரைவோலையும் தபாலும்தான். தவறு இருந்தால் ஓர் எழுத்தர் கடிதம் போட்டாவது கேட்பார். கணினி கேட்காது.

அந்தப் பெண்ணுக்கு என்ன வழி சொன்னேன் என்று கேட்கலாம். பட்டம் செல்லாத பட்டம் அல்ல. பூச்சிமருந்துக் கடை உரிமம் பெற அந்தப் படிப்பு தகுதியானது. வேளாண் பட்டதாரிகளுக்காக 2002ல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் மருந்தகத் திட்டத்தில் 45 நாள் பயிற்சி உண்டு, கட்டணம் இல்லை, முடித்தால் வங்கிக் கடனுக்கும் மானியத்துக்கும் வழி இருக்கிறது. இவற்றைச் சொன்னேன். தந்தைக்குத் திருப்தி. மகள் தலையசைத்தாளே தவிர, நோட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டது என் மனத்தில் இன்னும் நிற்கிறது.

அண்மையில் அவரே தொலைபேசியில் அழைத்தார். மகள் பயிற்சியை முடித்துவிட்டு ராஜபாளையம் சாலையில் கடைக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம். பூச்சிக் கணக்கெடுப்பை விடவில்லையாம். அவர் அழைத்த காரியம் வேறு. இளைய மகன் பிளஸ் டூ எழுதுகிறான், ஒரு கல்லூரியிலிருந்து ஆள் வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்றார். அங்கீகாரக் கடிதத்தின் நகலையும், அது எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் கேளுங்கள், குழுமத்தின் இணையதளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்றேன். "இருங்க சார், இப்பவே கேட்டுட்டு வர்றேன்" என்று வைத்துவிட்டார்.