குளிர்ந்த ரேடியேட்டரும் குற்றமற்ற பாய்லரும்

பிரிட்டனில் அக்டோபர் பிறந்து, கோடை முழுவதும் ஓய்ந்திருந்த வெந்நீர்ச் சூடேற்றத்தை வீட்டுக்காரர்கள் மீண்டும் இயக்கத் தொடங்கும் நாட்களில், கூடத்து ரேடியேட்டர் கைவைக்க முடியாமல் கொதிக்க, கடைசிப் படுக்கையறை ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடக்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. அவ்விதம் நேரும்போது அண்டை அயலாரும் உறவினரும், சில சமயங்களில் தொழில் தெரிந்தவர்களுமே உறுதிபடச் சொல்லும் அபிப்பிராயம் ஒன்றுதான்: பாய்லர் பழசாகிவிட்டது, எல்லா அறைகளுக்கும் சூடு கொடுக்க அதற்குச் சக்தி போதவில்லை, முதலில் காற்றைத் திறந்துவிட்டுப் பாருங்கள், அதில் தீராவிட்டால் அமைப்பு முழுவதையும் கழுவுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் பாய்லரை மாற்றிவிடுங்கள் என்பதே அது. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் நம்மவர்க்கும் இதே உபதேசந்தான் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான பவுண்டுகளைச் செலவிட்டுப் புதிய பாய்லர் வைத்த பிறகும் அதே படுக்கையறையில் வயதான தாயார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க நேருகிறதென்றால், இந்த அபிப்பிராயத்தை ஒவ்வோர் அங்கமாக எடுத்து விசாரிப்பது அவசியமாகிறது.

பாய்லருக்குச் சக்தி போதவில்லை என்னும் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலேயே இருந்து, இன்று அநேகமாக எல்லா வீடுகளிலும் பரவியிருக்கும் இந்த ஏற்பாட்டில், பாய்லர் நீரைச் சூடாக்க, பம்பு அதைத் தள்ள, போகும் குழாய் ஒன்றும் திரும்பும் குழாய் ஒன்றுமாக இரண்டு குழாய்கள் வீட்டைச் சுற்றி வருகின்றன. பெரும்பாலான வீடுகளில் ஒரு ரேடியேட்டரிலிருந்து வெளிப்பட்ட நீர் அடுத்ததற்குள் புகுவதில்லை. ஒவ்வொன்றும் போகும் குழாயிலிருந்து தன் பங்கைத் தனியே வாங்கி, திரும்பும் குழாயில் தனியே விடுகிறது. அப்படியிருக்க, பாய்லரின் பலக்குறைவு எல்லா ரேடியேட்டர்களிலும் பொதுவான மந்தச் சூடாக அல்லவா தெரியவேண்டும்? வீட்டைப் பின்புறம் நீட்டிக் கட்டி, புதிய அறைகளுக்கு ரேடியேட்டர்களை மேலும் மேலும் சேர்த்த இடங்களில் அப்படி நேர்வதுண்டு. அங்கே பாய்லரைக் குறை சொல்வது நியாயமே. ஆனால் ஒன்று கொதிக்க மற்றொன்று குளிர்ந்திருந்தால், சூடு உற்பத்தியாகிவிட்டது, அதைச் சுமந்து செல்லும் நீர்தான் அங்கே போய்ச் சேரவில்லை என்று பிரத்தியட்சமாகவே நிரூபணமாகிறது. இக்காலத்து பாய்லர்கள் பலவற்றில் பம்பு அதன் பெட்டிக்குள்ளேயே அடங்கியிருப்பதால், பம்பின் கோளாறை பாய்லரின் முதுமை என்று மயங்க இடமுண்டு. ஆயினும் பம்பை மாற்றுவது வேறு, பாய்லரை மாற்றுவது வேறு.

குளிர் எங்கே குடிகொண்டிருக்கிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தாலே காரணம் பாதி வெளிப்பட்டுவிடும். மாடி சூடாகி, கீழ்த்தளம் குளிர்ந்திருந்தால் பம்பின்மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். சூடான நீர் இலேசானதால் பம்பு நின்றாலும் தானே மேலேறிவிடும், கீழே பக்கவாட்டில் செல்வதற்குத்தான் அதற்கு உந்துதல் தேவை. மாடி குளிர்ந்து, கீழ்த்தளம் சூடாயிருந்தால் அமைப்பில் நீர் குறைந்திருக்கலாம்: மூடிய அமைப்பானால் அழுத்தமானியின் முள் 1 பாருக்கு வெகுவாகக் கீழே இறங்கியிருக்கும்; பழைய திறந்த அமைப்பானால் கூரையடியில் உள்ள சிறு தொட்டியின் மிதவை வால்வு இறுகித் தொட்டியே வறண்டிருக்கும். தளத்துக்கொரு பிரிவாகக் குழாய் போட்ட வீட்டில் ஒரு தளம் முழுவதும் குளிர்ந்திருந்தால், மின்விசையால் திறந்து மூடும் வால்வு அங்கே அசையவில்லை என்று கொள்ளலாம். இவற்றில் எதற்கும் புதிய பாய்லர் நிவாரணம் ஆகாது.

பாய்லரின் உஷ்ணத்தைக் கூட்டுங்கள், பம்பின் வேகத்தை ஏற்றுங்கள் என்று சொல்வோருக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. நீரே போகாத ரேடியேட்டருக்கு 80 பாகை நீரும் 50 பாகை நீரும் ஒன்றுதான். 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக வைக்கும் கேஸ் பாய்லர்கள், தக்க விலக்கு இருந்தாலன்றி, புகையிலுள்ள நீராவியைக் குளிரச் செய்து அதன் வெப்பத்தையும் மீட்டுக்கொள்ளும் வகையாகவே இருக்க வேண்டும் என்பது விதி. திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அந்த லாபம் கிட்டும். உஷ்ணத்தைக் கூட்டுகிறவர் குளிர்ந்த அறையைச் சூடாக்காமலே எரிவாயுச் செலவை மட்டும் கூட்டிக்கொள்கிறார். பம்பின் வேகத்தை ஏற்றினால் முன்பே சூடாயிருந்தவற்றில் நீர் இன்னும் வேகமாகப் பாய்ந்து வால்வுகளில் இரைச்சல் எழுமேயன்றி, அடைபட்ட வழி திறவாது.

காற்றைத் திறந்துவிட்டால் தீரும் என்னும் நம்பிக்கை இவற்றைவிட ஆழமாக வேரூன்றியது, ஏனெனில் அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. உள்ளே சிக்கிய காற்று மேலே திரளும். ஆதலால் அடிப்பாகம் சூடாயிருந்து மேல் விளிம்பு மட்டும் குளிர்ந்திருப்பது காற்றின் லக்ஷணம். அப்பொழுது அமைப்பை நிறுத்தி ஆறவிட்டு, மேல் மூலையிலுள்ள சதுர முனையில் சாவியை மாட்டி, கீழே ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு அரைச் சுற்றுத் திருப்பினால், சீறும் ஓசை அடங்கி நீர் கசியத் தொடங்கும். உடனே மூடிவிட்டு, மூடிய அமைப்பானால் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை அழுத்தம் நிற்கும்படி நீர் நிரப்பினால் காரியம் முடிந்தது. ஆனால் தலை முதல் அடி வரை, இரு பக்கக் குழாய்கள் உட்படக் குளிர்ந்து கிடக்கும் ரேடியேட்டரில் இதையே திரும்பத் திரும்பச் செய்வதில் பிரயோஜனமில்லை. அதைவிட முக்கியமானது, சில வாரங்களுக்கு ஒருமுறை அதே ரேடியேட்டரில் வாயு சேர்ந்துகொண்டே இருந்தால், அது காற்றாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை: ரேடியேட்டரின் இரும்பு நீரோடு கலந்து கரிய ஆக்சைடாகச் சிதையும்போது பிறக்கும் ஹைட்ரஜனாகவும் இருக்கலாம். வாயுவை வெளியேற்றிவிட்டு ஒவ்வொரு தடவையும் புதுநீர் நிரப்புகிறவர், அந்நீரோடு புதிய ஆக்சிஜனையும் உள்ளே அனுப்பி அரிப்பை வளர்க்கிறார். துருத் தடுக்கும் மருந்து நீரில் போதிய அளவு இருக்கிறதா என்று பார்ப்பதே அங்கே செய்யத்தக்கது. வீட்டுச் சூடேற்ற நீரைப் பற்றிய பி.எஸ். 7593 என்னும் பிரிட்டிஷ் தர விதியும் அந்த மருந்தை வலியுறுத்துகிறது.

அந்தக் கரிய ஆக்சைடுதான் சேறாகப் படிவது. அதன் லக்ஷணம் காற்றினதற்கு நேர்மாறானது: மேற்புறமும் இரு ஓரங்களும் சூடாயிருக்க, அடியில் நட்டநடு மட்டும் குளிர்ந்திருக்கும். ஒரேயொரு ரேடியேட்டரில் இப்படியிருந்தால் அதன் இரு வால்வுகளையும் மூடி, நீரை ஒரு தட்டில் வடித்து (தரைவிரிப்பில் சிந்தினால் அந்தக் கறை போகாது), வெளியே தோட்டத்துக்குத் தூக்கிச் சென்று குழாய்நீரைப் பாய்ச்சிக் கழுவினால் போதும். பவர் ஃப்ளஷ் என்று சொல்லப்படும் யந்திரக் கழுவலை நான் அறவே வேண்டாமென்று சொல்லவில்லை; பல ரேடியேட்டர்களில் இதே லக்ஷணம் தெரிந்து, வடிக்கும் நீரும் மையைப் போல் வந்தால் அது தக்க சிகிச்சையே. ஆயினும் எல்லாக் குளிருக்கும் அதுவே மருந்தென்று நம்பப்படுவதன் காரணத்தைச் சற்று யோசிக்க வேண்டும். கழுவும்போது மற்றவற்றையெல்லாம் மூடிவிட்டு, ஒவ்வொரு ரேடியேட்டராகத் திறந்து முழு நீரோட்டத்தையும் அதன் வழியே செலுத்துவது வழக்கம். அந்த வேலையில் இறுகிக் கிடந்த வால்வுகள் இளகுகின்றன, ஒடுங்கிக் கிடந்தவை திறக்கப்படுகின்றன. அன்று மாலை குளிர்ந்த ரேடியேட்டர் சூடாகிவிட்டால் அந்தப் புகழ் கழுவலைச் சேருகிறது. வால்வைத் திருப்பிய கை மறக்கப்படுகிறது.

வால்வு திறந்துதானே இருக்கிறது, எண் 5-ல் அல்லவா வைத்திருக்கிறேன் என்பது அடுத்த ஆட்சேபம். ரேடியேட்டரின் ஒரு முனையில் 1 முதல் 5 வரை எண்ணிட்ட தலையுடன் நிற்பது அறையின் உஷ்ணத்தை உணர்ந்து தானே திறந்து மூடும் வால்வு. தலைக்குள் இருக்கும் திரவமோ மெழுகோ சூட்டில் விரிந்து, கீழே உள்ள மெல்லிய ஊசியை அழுத்தி நீரை நிறுத்துகிறது. அறை குளிர்ந்தால் அது சுருங்க, ஊசியைச் சுருள்வில் மேலே தள்ளுகிறது. கோடை முழுவதும் அழுத்தப்பட்ட நிலையிலேயே கிடந்த ஊசி சில சமயம் அங்கேயே இறுகிவிடும். பிறகு தலையை 5-க்குத் திருப்பினாலும் எண்தான் மாறுமேயொழிய ஊசி எழாது. தலையைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கையால் தளர்த்தி அதைக் கழற்றினால் ஊசிமுனை தெரியும். ஒரு சாவியின் தட்டையான முதுகால் அதை அழுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே போய்த் துள்ளி மேலே வந்தால் வால்வு நலமாக இருக்கிறது. அசையாமல் தாழ்ந்தே கிடந்தால், ஒரு துளி எண்ணெய் விட்டு, வால்வின் உடலைப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி, மீண்டும் மீண்டும் அழுத்திவிட்டால் பெரும்பாலும் இளகிவிடும். குறட்டால் பற்றி மேலே இழுப்பது மட்டும் கூடாது. ஊசி கையோடு வந்துவிட்டால் அறையெங்கும் நீர் பாயும். இன்னொன்று: கனத்த திரைச்சீலை அந்தத் தலையை மூடியிருந்தால், திரைக்குப் பின் தேங்கிய சூட்டையே அறையின் சூடென்று கொண்டு வால்வு மூடிக்கொள்ளும், அதற்குத் திரையை ஒதுக்கிவிடுவதே பரிகாரம்.

இனி இந்த விஷயத்தின் உயிர்நாடிக்கு வருகிறேன். காற்றுமில்லை, சேறுமில்லை, ஊசியும் நலம். ஆயினும் கடைசி அறை குளிர்ந்தே இருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் பலரும் மனம் தளர்ந்து பாய்லர் வியாபாரியிடம் போகிறார்கள். ஆனால் நீருக்கு எந்த வழி எளிதோ அந்த வழியிலேயே அது மிகுதியாகப் பாயும் என்பதை நினைவில் கொண்டால், இங்கே நடப்பது நம் வாய்க்கால் பாசனத்தில் நாம் அறிந்ததுதான் என்பது விளங்கும்: தலைமடையை அகலத் திறந்து வைத்திருக்கும்வரை கடைமடைக்கு நீர் எட்டாது, அணையில் எவ்வளவு நீர் நின்றாலும் சரியே. 1 கிலோவாட் சூடு தரவேண்டிய ரேடியேட்டரில் நீர் 11 பாகை ஆறி வெளியேறுவதானால் அதற்கு வேண்டியது நிமிடத்துக்குச் சுமார் 1.3 லிட்டர், 20 பாகை ஆறுவதானால் 0.7 லிட்டரே போதும். பம்புக்கு அருகில் வால்வு முழுதும் திறந்து நிற்கும் ரேடியேட்டர் இதைப் போலப் பன்மடங்கு நீரை வாங்கி, அதை ஆறவிடாமலே திருப்பியனுப்பிவிடுகிறது. அறை தெர்மோஸ்டாட் நடைவழியில் மாட்டப்பட்டிருந்தால் கேடு இரட்டிப்பாகிறது: நடைவழி ரேடியேட்டர் முதலில் கொதிக்க, தெர்மோஸ்டாட் திருப்தியடைந்து பாய்லரை நிறுத்திவிட, தூரத்து அறைக்குச் சூடு புறப்படுமுன்பே அடுப்பு அணைந்துவிடுகிறது. இதைப் பார்த்துத்தான் பாய்லர் களைத்துவிட்டது என்கிறார்கள்.

இதை ஒரே பரிசோதனையால் நிர்ணயம் செய்யலாம். ரேடியேட்டரின் மறுமுனையில் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருப்பது லாக்‌ஷீல்டு வால்வு. குளிர்ந்ததைத் தவிர மற்ற எல்லா ரேடியேட்டர்களின் லாக்‌ஷீல்டுகளையும், எத்தனை சுற்று மூடினோம் என்பதைக் குறித்துக்கொண்டு, சிறு ஸ்பானரால் அடைத்துவிட்டு, பாய்லரைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். குளிர்ந்தது சூடேறத் தொடங்கினால் அதன் வழியில் முழு அடைப்பு ஏதுமில்லை, பங்கீடுதான் பிழை. அப்போதும் சூடாகாவிட்டால் அதன் வால்விலோ அதற்குப் போகும் குழாயிலோ அடைப்பு உண்டு. 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய் போட்ட வீடுகளில் இதைத் தள்ளிவிட முடியாது. பங்கீட்டுப் பிழையைத் திருத்தும் முறையும் எளியதே: தானியங்கித் தலைகளையெல்லாம் முழுதும் திறந்து வைத்து, எது முதலில் சூடாகிறது, எது கடைசியில் என்று வரிசை எழுதிக்கொண்டு, முதலாவதன் லாக்‌ஷீல்டை முழுதும் மூடிப் பின் கால் சுற்று மட்டும் திறந்து, வரிசையில் போகப்போகச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திறந்து, கடைசியானதை முழுதும் திறந்துவிடவேண்டும். பிறகு ஒவ்வொன்றின் இரு முனைக் குழாய்களிலும் வெப்பமானியை வைத்து, வித்தியாசம் பழைய பாய்லரில் 11 பாகையாகவும், புதிய வகையில் 20 பாகையாகவும் வருமாறு நுணுக்கித் திருத்தலாம். ஒரு மாற்றத்தின் பலன் தெரியக் கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டியிருப்பதால் ஒரு முழுப் பகல் இதில் போய்விடும். ஒருவேளை அதனால்தான் அவசரமாக வந்து போகிறவர்கள் இதைத் தொடுவதில்லை.

பத்து வருஷங்களாக நன்றாகத்தானே இருந்தது, பங்கீடு இப்போது எப்படிக் கெடும் என்று கேட்பார்கள். சுவருக்கு வர்ணம் அடிக்க ரேடியேட்டரைக் கழற்றியவர் திரும்ப மாட்டும்போது லாக்‌ஷீல்டை முழுதும் திறந்துவிட்டுப் போயிருப்பார். குளியலறையில் புதிதாக ஒரு ரேடியேட்டர் சேர்ந்திருக்கும். சாதாரண வால்வுக்குப் பதிலாகத் தானியங்கி வால்வு வந்திருக்கும். புதிய பாய்லரே அதன் புதிய பம்போடு வந்து பழைய பங்கீட்டைக் கலைப்பதும் உண்டு. பாய்லரை மாற்றிய வீடுகளில் அதே அறை அதே குளிரோடு இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அடுப்பு மாறியது, மடைகள் மாறவில்லை.

இவையெல்லாம் நிபுணர்கள் வேலை, நாம் கைவைக்கலாகாது என்பது கடைசி வாதம். பாய்லரின் எரிவாயுப் பாகங்களைப் பொறுத்த மட்டில் அது முற்றிலும் சரி. 2009 ஏப்ரல் முதல் பிரிட்டனில் நடைமுறையிலுள்ள கேஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெற்றவரே அதைத் தொடலாம், அந்த விதியை மீறுவது உயிராபத்து. ஆனால் ரேடியேட்டரும் அதன் வால்வுகளும் நீர்ப்பக்கத்தைச் சேர்ந்தவை. மேலே சொன்ன பரிசோதனைகளை நிதானமுள்ள எந்த வீட்டுக்காரரும் செய்யலாம். செய்ய மனமில்லாதவர், புதிய பாய்லருக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், வந்திருப்பவரிடம் மூன்று கேள்விகளையாவது கேட்கட்டும்: மற்ற ரேடியேட்டர்களை அடைத்துவிட்டு இதைத் தனியே ஓட்டிப் பார்த்தீர்களா? வால்வின் தலையைக் கழற்றி ஊசியை அழுத்திப் பார்த்தீர்களா? இதன் இரு முனைகளிலும் உஷ்ணம் எத்தனை எத்தனை பாகை? இம்மூன்றுக்கும் பதில் சொல்லி, அதன் பிறகும் பாய்லரே காரணம் என்று எடுத்துக்காட்டுவாரானால், அவர் சொல்வதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம்.