கோப்பையை ஜெயிச்சார், ஞாபகத்தைத் தோத்தார்

2003 நவம்பர் 22, சிட்னி. ரக்பி உலகக் கோப்பை ஃபைனல். எக்ஸ்ட்ரா டைமின் கடைசி நிமிடங்கள், ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் 17-17. லைன்-அவுட்டில் இங்கிலாந்து ஹூக்கர் ஸ்டீவ் தாம்சன் பந்தை வரிசையின் கடைசி வரைக்கும் நீளமா எறியுறார். அதிலிருந்து நகர்ந்த பந்தைத்தான் ஜானி வில்கின்சன் டிராப் கோலாக உதைக்கிறார். 20-17. கோப்பை இங்கிலாந்துக்கு!

வீடியோ பார்த்தா நமக்கே புல்லரிக்கும். ஆனா தாம்சனுக்கு அந்த மேட்ச் ஞாபகமே இல்லை. 2020-ல், 42 வயசுல, டிமென்ஷியா இருக்குன்னு வெளியில் சொன்னார். இன்னொரு வாய்ப்பு கிடைச்சாலும் இதை மறுபடி செய்ய மாட்டேன்னும் சொன்னார்.

ஹூக்கர்னா ஸ்கிரம்மில் முன்வரிசை நடுவில் நிற்கிறவர். ரெண்டு பக்கமும் எட்டு எட்டு பேர் முட்டித் தள்ளுற பாரம் அவர் கழுத்திலும் தலையிலும்தான் இறங்கும். மேட்ச்ல மட்டுமில்ல, பயிற்சியிலும் தினம் இதேதான். 2007-ல் கழுத்துக் காயத்தால ஓய்வு பெற்றவர், திரும்பி வந்து 2011 உலகக் கோப்பையிலும் ஆடினார். இங்கிலாந்துக்காக மொத்தம் 73 மேட்ச்.

"விளையாட்டுனா அடி படத்தானே செய்யும், தெரிஞ்சுதானே இறங்கினார்?"னு கேட்கலாம். கழுத்து உடையலாம்னு தெரியும், சரி. மூளைக்கு வரப்போற ஆபத்தை யார் சொன்னாங்க? அதைத்தான் அவரும் பல முன்னாள் வீரர்களும் ரக்பி அமைப்புகள் மேல் வழக்குப் போட்டுக் கேட்கிறாங்க. நம்ம மெக்கானிக்கல் பசங்களுக்கு இது எளிதா புரியும். ஒரு ஷாஃப்ட் ஒரே பெரிய லோடில்தான் உடையணும்னு இல்லை. சின்னச் சின்ன லோடு லட்சம் தடவை வந்தாலும் ஃபெடீக்ல விரிசல் விடும். தலையும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

2021-ல் வேர்ல்ட் ரக்பி, முழு வேக மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிஷம் போதும்னு பரிந்துரைச்சது. நல்ல விஷயம், ஆனா தாம்சனுக்கு ரொம்ப லேட். அதுவும் பரிந்துரையா இல்லாம கட்டாய விதியா இருக்கணும்ங்கிறது என் கருத்து.

நம்ம கிரவுண்ட்லயும் தலையில அடிபட்டு எழுந்து, "ஒண்ணும் இல்ல மச்சி, ஆடுறேன்"னு சொல்றவனுக்குத்தான் கைதட்டுறோம். அடுத்த தடவை கைதட்ட வேண்டாம். அவனை வெளியே உட்கார வைங்க. திட்டுவான், திட்டட்டும்.