உணவுத் தட்டில் தொடங்கும் மாரடைப்பு

நேற்று வரை நடமாடியவர் இன்று இல்லை என்ற செய்தி எம்மவர் மத்தியில் அடிக்கடி கேட்கின்ற ஒன்றாகிவிட்டது. காரணம் கேட்டால் மாரடைப்பு என்பதே பதிலாகக் கிடைக்கின்றது. குடும்பச் சுமையைத் தாங்கும் வயதினரும் இவ்வாறு பறிபோவதுதான் பெரும் கவலைக்குரியது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2019 ஆம் ஆண்டில் இருதய மற்றும் குருதிக்குழாய் நோய்களால் சுமார் 1 கோடியே 79 இலட்சம் பேர் உயிரிழந்துள்ளனர். 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு, மாற்றியமைக்கக்கூடிய ஒன்பது காரணிகளே பெரும்பாலான மாரடைப்புகளின் பின்னணி என்பதை வெளிப்படுத்தியது. மரக்கறி, பழங்களை நாளாந்தம் உண்ணாமையும் அவற்றுள் ஒன்று. இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாட்டவருக்கு முதலாவது மாரடைப்பு ஏனையோரைவிட ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முந்தியே ஏற்படுவதும் அதன் தரவுகளிலிருந்து தெரியவந்தது.

உப்பு மிகும்போது குருதியமுக்கம் உயர்கின்றது. நிறைவுற்ற கொழுப்பும், அதைவிடத் தீங்கான ட்ரான்ஸ் கொழுப்பும் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி நாடிகளின் உட்சுவரில் படியச் செய்கின்றன. சீனியும் தீட்டிய மாவும் நீரிழிவுக்கு வழி திறக்கின்றன. ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைந்த உப்பே போதுமென்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். காலையில் பாணும் மாஜரினும், மாலையில் ரோல்ஸும் வடையும், இரவில் கொத்து ரொட்டியும் என்றாகிவிட்ட எமது வாழ்க்கையில் அந்த எல்லை எங்கே நிற்கும்?

மூதாதையர் உண்டவை என்பதற்காக அனைத்தும் நல்லவை எனக் கூறிவிடவும் முடியாது. கருவாட்டில் உப்பும், தேங்காயெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பும் அதிகமுண்டு. ஆயினும் அவர்கள் குரக்கனும் சிவப்பரிசியும் முருங்கையிலையும் சூடை மீனும் உண்டார்கள்; வயலிலும் கடலிலும் உடல் வருந்த உழைத்தார்கள். நாம் உழைப்பைக் குறைத்து, எண்ணெயைக் கூட்டிக்கொண்டோம்.

எனினும் பழியை மக்கள் மீது மாத்திரம் சுமத்துவது நியாயமாகாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. மீனும் பருப்பும் பழமும் எட்டாக்கனியாகும்போது, மலிவான மாவும் சீனியுமே ஏழையின் வயிற்றை நிரப்புகின்றன. 'பழம் உண்ணுங்கள்' என்ற ஆலோசனை அக்குடும்பங்களுக்கு வெறும் ஏளனமாகவே தோன்றும்.

குளிர்பானங்களின் சீனி அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடுகள் 2016 இல் நடைமுறைக்கு வந்தமை வரவேற்கத்தக்கது. 2017 இல் சமர்ப்பிக்கப்பட்ட, 2018 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் வரி முன்மொழியப்பட்டது. ஆனால் 2018 இலேயே அவ்வரி குறைக்கப்பட்டது. பொதியில் அடைத்த பொருளுக்குக் குறியீடு உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய பட்டிஸுக்கும், நாள் முழுதும் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படும் வடைக்கும் குறியீடு இடுவது யார்?

எனவே உள்ளூராட்சி மன்றங்களும் பொதுச் சுகாதார பரிசோதகர்களும் உணவகங்களின் எண்ணெயையும் கண்காணிக்க வேண்டும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகள் பொரித்த பண்டங்களின் சந்தையாவதை அதிபர்களும் பெற்றோரும் அனுமதிக்கலாகாது. மரக்கறி, மீன், தானியங்கள் மலிவாகக் கிடைக்க அரசாங்கம் வழிசெய்ய வேண்டும். சிகிச்சைக்குச் செலவிடுவதைவிட இது சிக்கனமானது.

திருமண வீட்டு விருந்தும், கோயில் அன்னதானமும், நோன்பு துறக்கும் மேசையும் எமது அன்பின் அடையாளங்கள். அவற்றில் ஒரு கைப்பிடி உப்பையும் ஒரு கரண்டி எண்ணெயையும் குறைப்பதால் விருந்தோம்பல் குறைந்துவிடாது. மாறாக, விருந்தினர் நெடுநாள் வாழவும் அது வழிவகுக்கும் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.