யார் முதலில் மட்டை வைப்பது?



ஐஸ் ஹாக்கி பார்த்திருக்கிறீர்களா? கனடாவில் சிறுவர் முதல் தாத்தா வரை இந்த ஆட்டம் என்றால் உயிர். பந்துக்குப் பதில், 'பக்' எனும் ரப்பர் வட்டைப் பனித்தரையில் தள்ளி ஆடுவர்.

ஆட்டம் தொடங்கும் போதும், நின்று மீண்டும் தொடங்கும் போதும், இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எதிரெதிரே குனிந்து நிற்பார். நடுவர் இருவருக்கும் நடுவே வட்டைப் போடுவார். முந்தித் தட்டியவர் அணிக்கு வட்டு! இதுதான், 'பேஸ் ஆப்!' அவசரப்பட்டு விதியை மீறினால், வேறொருவர் வந்து நிற்க வேண்டும். அதே அணி மறுபடியும் மீறினால், ஒரு வீரர் 2 நிமிடம் வெளியே உட்கார வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மட்டையை இரண்டாவதாகத் தரையில் வைப்பவருக்கே லாபம். எதிராளி எப்படி வைத்திருக்கிறார் என்று பார்த்துக் கொள்ளலாமே! வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், அந்த லாபம் உள்ளூர் அணிக்கே இருந்தது. 2015ல் விதியை மாற்றினர். நடுப்புள்ளி தவிர மற்ற 8 புள்ளிகளிலும், தன் பாதியைக் காப்பவர்தான் முதலில் வைக்க வேண்டும். கோல் கூட வேண்டும் என்பதே நோக்கம். ஆனால், நியாயமும் கூடியது.

நடுப்புள்ளியில் மட்டும் வெளியூர் அணிக்கு ஏன் பழைய பாடு? அங்கேயும் நாணயம் சுண்டிப் பார்க்கலாமே!

நீங்கள் ஆடும் போதும், 'எங்க தெரு, எங்க சட்டம்' என்று சொல்லாதீர்கள். வந்தவனுக்கும் சம வாய்ப்பு கொடுத்து ஜெயிப்பதே ஜெயிப்பு. சரிதானே செல்லங்களே?