0.08 மில்லிமீட்டர்தானே!



"இதுல என்னப்பா பெரிய விஷயம்? பழைய பேரலைக் கழட்டு, புதுப் பேரலை மாட்டு, தீர்ந்தது ஜோலி!" லேத்தில் நாலு முறை திரெட் வெட்டிவிட்ட தைரியத்தில் நம்மில் பலர் இப்படித்தான் பேசுகிறோம். ஒரு வேட்டைத் துப்பாக்கியின் குழலை மாற்றி, வேறு அளவுத் தோட்டா சுடும்படி செய்வது வெறும் ஃபிட்டர் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு மட்டுமல்ல, ஆபத்து என்பதே என் கருத்து.

நம் நாட்டு உதாரணத்தையே பார்ப்போம். போலீஸ்காரர் தோளில் நம் தாத்தா காலத்திலிருந்து தொங்கிய .303 ரைபிளின் குழல் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது 7.70 மி.மீ. இராணுவம் அடுத்து எடுத்துக்கொண்ட தோட்டாவோ 7.62 மி.மீ. வித்தியாசம் வெறும் 0.08. நம் வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட் 0.02 என்றால், நாலே நாலு கோடு! இதற்காக ஒரு துப்பாக்கியையே மாற்றுவார்களா?

மாற்றினார்களே! 1962 சீனப் போருக்குப் பிறகு மேற்கு வங்காளத்தின் இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலை, அந்தப் பழைய லீ-என்ஃபீல்டு அமைப்பை 7.62-க்குக் கொண்டுவந்தது. முதலில் 2ஏ, பிறகு 2ஏ1. பழைய துப்பாக்கியில் புதுக் குழலை முறுக்கிவிட்டு "முடிஞ்சுது சார்" என்று அவர்கள் சொல்லவில்லை. புதிதாகவே செய்தார்கள்.

ஏன்? .303 தோட்டாவின் உச்ச அழுத்தம் 365 மெகாபாஸ்கல். 7.62-இன் இரட்டைப் பிறவியான .308-க்கு 415. போல்ட்டும் உடற்பகுதியும் அதைத் தாங்க வேண்டுமென்று எஃகையே மேம்படுத்தினார்கள். அடுத்து, .303 தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்பில்தான் அது அறைக்குள் உட்காரும். 7.62-க்குத் துருத்தும் விளிம்பு கிடையாது, தோள்பட்டையில் உட்காரும். ஆகவே தோட்டா அறையின் அளவு, சுட்ட கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர், மேகஸின் எல்லாமே மாறின. 2ஏ1-இல் குறிபார்க்கும் சைட்டின் அளவுகோலைக்கூட 800 மீட்டராகக் குறைத்தார்கள். பார்த்தீர்களா, நாலு கோட்டுக்குப் பின்னால் எத்தனை டிராயிங்!

"அது போல்ட் ஆக்‌ஷன். கௌபாய் படத்துல வர்ற லீவர் துப்பாக்கி அப்படி இல்லையே?" என்று கேட்கலாம். அங்கும் அதே கதைதான். வின்செஸ்டர் 1894 மாடலில் .38-55, .30-30 என்ற இரண்டு தோட்டாக்களும் ஒரே கூட்டின் வாரிசுகள். அடிப்பகுதி ஒன்றுதான் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதற்கு வழி உண்டு. ஆனால் குடும்பம் மாறினால் வம்பு. அதன் மேகஸின் குழாய் வடிவம். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டாவைப் போட்டால் பின்னால் இருப்பதன் மூக்கு முன்னால் இருப்பதன் பிரைமரை உரசிக்கொண்டிருக்கும். சுடும்போது வரும் உதைப்பில் அது வெடித்தால்? அதனால்தான் கூர்முனைத் தோட்டாவுக்குப் பெட்டி மேகஸின் கொண்ட 1895 மாடல் ஒத்துவந்தது. முதல் உலகப் போரில் ரஷ்யா தன் 7.62 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி வாங்கிய சுமார் 3 லட்சம் லீவர் துப்பாக்கிகளும் அந்த மாடல்தான். அந்த மாற்றத்தைச் செய்ததும் தொழிற்சாலைதான், தெருமுனைப் பட்டறை அல்ல!

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? நம் மணலூர்பேட்டைக்குத் தென்மேற்கே கல்வராயன் மலை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி அங்கே போலீஸார் அறிவிப்பதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். நாளை டிப்ளமோ முடித்து நாமே லேத் போடுவோம். அன்று ஒருவர் சாக்குப்பையில் சுற்றிய துப்பாக்கியோடு வந்து, "தம்பி, கொஞ்சம் குழலைப் பார்த்துக் கொடு. காட்டுப்பன்றி தொல்லை தாங்கல" என்பார். தெரிந்தவராகவும் இருப்பார், கேட்ட காசும் கொடுப்பார்.

அவர் கஷ்டம் பொய்யல்ல. ஒரே ராத்திரியில் மரவள்ளியைத் தோண்டிப் போட்டால் வயிறு எரியத்தான் செய்யும். அதற்கு வழி வனத்துறையிடம் நஷ்டஈடு கேட்பதும், காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்ற 2025-ஆம் ஆண்டு முடிவை அமல்படுத்தச் சொல்வதும்தான். நம் லேத் அல்ல. உரிமம் இல்லாமல் துப்பாக்கியை மாற்றுவதும், பழுதுபார்ப்பதும் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருடம் சிறை, ஆயுள்வரை போகலாம்.

சட்டத்தை விடுங்கள், இயந்திரவியலாகவே யோசிப்போம். தென்பெண்ணைக் கரைக் கிணற்றில் 5 எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு 7.5 எச்.பி. மாட்டுகிறோம். கேபிள், ஸ்டார்ட்டர், கப்ளிங் எதையும் பார்க்காவிட்டால் என்ன ஆகும்? காயில் புகையும். ரீவைண்டிங் செய்தால் தீர்ந்தது. துப்பாக்கியில் அதே அலட்சியம் காட்டினால் போவது காயில் அல்ல. சுடுகிறவரின் கண்ணும் கையும். அதை ரீவைண்டிங் செய்ய எந்தப் பட்டறையிலும் ஆள் இல்லை.

தோழர்களே! ஒரு பாகத்தை மாற்றுமுன், "இதைத் தொடும் மற்ற பாகங்கள் எவை? அவை எவ்வளவு தாங்கும்? அதைச் சோதித்துப் பார்த்தது யார்?" என்று கேட்போம். மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், "என்னால முடியாதுண்ணே" என்று சொல்லிக் கருவியைக் கீழே வைப்போம். அப்படிச் சொல்லத் தெரிந்தவனே நல்ல டெக்னீஷியன். டிப்ளமோ அதற்குத்தான்!

(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)