தண்ணியில் மூழ்கினால் ஒரிஜினல் கருங்காலியா?

ஆபீஸில் பக்கத்து சீட்காரர் கையில் கருங்காலி பிரேஸ்லெட். இன்ஸ்டாவைத் திறந்தால் கருங்காலி மாலை. "தண்ணியில போடுங்க, மூழ்கினா ஒரிஜினல்" என்கிறது ஒரு ரீல்ஸ். தோஷம் போகுமா என்பது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. மரத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கருங்காலி மூழ்கும், உண்மைதான். அதன் வைரக்கட்டை ஒரு கன மீட்டர் எடுத்தால் சுமார் ஒரு டன் எடை வரும், சில சமயம் அதற்கு மேலும். ஆனால் கறுப்புச் சாயம் ஏற்றிய வேறு கனமான மரமும் மூழ்குமே! பிளாஸ்டிக் மணிகளில் பலவும் மூழ்கும்.

அடுத்தது, 'ஊற வைத்தால் நிறம் இறங்கும்' டெஸ்ட். இங்கேதான் பெரிய குழப்பம். நம்மூரில் கருங்காலி என்ற பெயர் இரண்டு மரங்களுக்கு உண்டு. ஒன்று, இலங்கையின் உலர் வலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் வளரும் எபோனி. இன்னொன்று, வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி எடுக்கிற மரம். அதன் கட்டையைக் கொதிக்க வைத்துத்தான் காசுக்கட்டியே எடுக்கிறார்கள். நிறம் இறங்காமல் இருக்குமா? மட்டமான சாயமும் இறங்கும். அப்புறம் அந்த டெஸ்ட் எதை நிரூபிக்கிறது?

போலியைவிட அசல்தான் எனக்குக் கவலை. எபோனி மரம் முழுக்கக் கறுப்பு இல்லை. வெளிப்பகுதி வெளிறிப்போய் இருக்கும், உள்ளே இருக்கும் வைரம் மட்டுமே கறுப்பு. அது விளையப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆப்பிரிக்காவின் கேமரூனில் இதே இனத்தின் உறவு மரம் ஒன்று உண்டு. 2011-ல் டெய்லர் கிட்டார் நிறுவனம் அங்கே ஒரு மர ஆலையை வாங்கியபோது தெரிந்த விஷயம்: பத்து மரம் வெட்டினால் ஒன்றுதான் முழுக் கறுப்பு. வரி விழுந்த மற்றவற்றை வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுவார்களாம். அதன்பிறகு வரி விழுந்த கட்டையையும் கிட்டாருக்குப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

இழை நெருக்கமாக இருப்பதால் பாலிஷ் ஏறும், விரல் பட்டுப்பட்டுத் தேயாது. வயலினில் விரல் ஓடும் பலகைக்கும், பியானோவின் கறுப்புக் கட்டைக்கும் இதைத் தேடிப்போனது அதனால்தான். நம் பாட்டிமார் உலக்கைக்குத் தேடினார்கள். ஒரு உலக்கை தலைமுறை தாண்டி வந்தது. ஒரு மாலை டிரெண்ட் முடியும்வரை வருமா?

போன வாரம் ஒரு கடையில், "இது எந்த மரம், எந்த ஊர்க் கட்டை?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஒரிஜினல் சார்."

"சரிங்க, எந்த மரம்?"

"சார், தண்ணியில போட்டுக் காட்டவா?"