அம்பயர் நம்ம ஆளு

ஞாயிற்றுக்கிழமை காலையில பாலவாக்கம் கடற்கரைப் பக்கம் வந்திருக்கீங்களா? ஆறரை மணிக்கெல்லாம் நாலஞ்சு மேட்ச் ஒரே நேரத்துல ஓடிக்கிட்டிருக்கும். ஒரு மேட்ச்சோட ஃபீல்டர் இன்னொரு மேட்ச்சோட பிட்ச்சுல நிப்பான். டென்னிஸ் பால், மணல்ல நட்ட மூணு குச்சி. அம்பயர் மட்டும் எப்பவும் பேட்டிங் டீம் ஆளுதான்.

நாம எல்லாருமே இப்படி விளையாடித்தான் வளர்ந்தோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு விசித்திரமான ஏற்பாடு! தன் டீம் பேட்ஸ்மேன் அவுட்டா இல்லையான்னு தன் டீம் ஆளே சொல்லணும். டிஆர்எஸ் கிடையாது, ரீப்ளே கிடையாது.

போன மாசம் அந்த இடத்துல நான் நின்னேன். கடைசி ஓவர். பேட் பிடிச்சவன் என் ரூம்மேட். பந்து எட்ஜ் வாங்கி கீப்பர் கையில போச்சு. சத்தமும் கேட்டுச்சு, பந்து திசை மாறினதையும் பார்த்தேன். பந்து போட்டது குப்பத்துப் பையன், ஸ்கூல் படிக்கிறவன். "அண்ணா, பட்டுச்சுண்ணா" என்றான். "இல்லடா, அது காத்துச் சத்தம்" என்றேன். ரெண்டு செகண்ட் என்னைப் பார்த்தான். சண்டை போடல. திரும்பி நடந்துபோய் அடுத்த பந்தைப் போட்டான். நாங்க ஜெயிச்சோம்.

நானே பேட் பிடிச்சிருந்தா ஒருவேளை நடந்து போயிருப்பேன். (அப்படித்தான் நினைச்சுக்கிறேன்.) ஆனா டீமுக்காகன்னு வந்ததும் பொய் ரொம்ப சுலபமா வந்துடுச்சு. விளையாட்டு நேர்மையைக் கத்துக்கொடுக்கும்னு ஸ்போர்ட்ஸ் டேல பேசறதை நான் முழுசா நம்பாததுக்கு இதுதான் காரணம். டீம் ஒரு நல்ல மறைவிடமும்கூட.

2018 மார்ச், கேப்டவுன் டெஸ்ட் ஞாபகம் இருக்கா? ஆஸ்திரேலியாவோட பேன்கிராஃப்ட் உப்புத்தாளால பந்தைத் தேய்ச்சு, கேமரா பார்த்துடுச்சுன்னு தெரிஞ்சதும் அதை பேன்ட்டுக்குள்ள ஒளிச்சார். முதல்ல டேப்புன்னு வேற சொன்னாங்க. ஸ்மித்துக்கும் வார்னருக்கும் ஒரு வருஷத் தடை, அவருக்கு 9 மாசம். டீம்ல தனக்கும் ஒரு மதிப்பு வேணும்னுதான் செஞ்சதா பின்னாடி அவரே சொன்னார். கேப்டன் ஸ்மித் பந்தைத் தொடவே இல்ல. திட்டம் தெரிஞ்சும் தடுக்கல.

இதுக்குப் பக்கத்துல நம்ம ஊர் அஸ்வினை வைச்சுப் பாருங்க. மேற்கு மாம்பலத்துக்காரர், எஸ்.எஸ்.என்.ல இன்ஜினியரிங் படிச்சவர். 2012ல பிரிஸ்பேன்ல, பந்து போடறதுக்கு முன்னாடியே கிரீஸை விட்டு நகர்ந்த திரிமன்னேவை ரன் அவுட் பண்ணி அப்பீல் கேட்டார். அன்னைக்கு கேப்டனா இருந்த சேவாக், சச்சின்கிட்ட பேசிட்டு அதை வாபஸ் வாங்கிட்டார். 2019ல ஜெய்ப்பூர்ல அஸ்வினே கேப்டன். 69 ரன்ல இருந்த பட்லரை அதே மாதிரி அவுட் ஆக்கினார். கிரிக்கெட் உலகத்துல பாதிப் பேர் திட்டினாங்க. விதியில இருக்கு, செஞ்சேன்னு நின்னார். 2022 அக்டோபர்ல அந்த அவுட்டை முறையற்ற ஆட்டத்துக்கான பிரிவுல இருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட்டோட சேர்த்துட்டாங்க. எங்க அப்பா இன்னமும் ஒத்துக்க மாட்டார், 'அது ஆட்டமே இல்ல' என்பார். இருக்கட்டும். ஆனா அஸ்வின் எதையும் ஒளிக்கல. எல்லாரும் பார்க்கச் செஞ்சார், திட்டையும் தானே வாங்கிக்கிட்டார்.

இப்ப நம்ம கிளாஸுக்கு வாங்க. ப்ராக்ஸி போடறவன் தனக்காகப் போடறதில்ல. நாலு பேர் ப்ராஜெக்ட்ல ஒருத்தனே கோட் எழுதிட்டு, வைவாவுல "எல்லாரும் சேர்ந்துதான் செஞ்சோம் சார்"னு சொல்றதும் தனக்காக இல்ல. இதையெல்லாம் செய்யறவனுக்கு நல்ல ஃப்ரெண்டுன்னு பேரு. செய்யாதவன் சீன் போடறான். எனக்கு இதுவும் அதே காத்துச் சத்தமாத்தான் கேக்குது. 'அட்டென்டன்ஸ் எல்லாம் ஒரு விஷயமா?'ன்னு கேப்பீங்க. சின்ன விஷயம்தான். பீச் மேட்ச்சும் சின்ன விஷயம்தான், அந்தப் பையனைத் தவிர மத்தவங்களுக்கு.

போன ஞாயிறு அவன்கிட்ட போய், "அன்னைக்குப் பட்டுச்சுடா" என்றேன். "தெரியும்ணா" என்றான். அன்னைக்கே மறுபடி நான் அம்பயரா நின்னேன், ரூம்மேட் மறுபடி எட்ஜ் வாங்கினான், விரலைத் தூக்கினேன். அவன் ரெண்டு நாளா என்கூட மெஸ்ஸுக்கு வரல.